வார்த்தையா... வாக்கியமா? டோக்கியோ தெருக்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்பு!

டோக்கியோவின் நடுப்பகுதியை வளையம் போலச் சுற்றிவருகிறது யமனோதே ரயில். பச்சைக் கோடு போட்ட பெட்டிகள், மொத்தம் 30 நிலையங்கள், 34.5 கிலோமீட்டர். ஒரு முழுச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம், காசு வாங்காத மொழி வகுப்பு!

ஒவ்வொரு நிலையம் வரும்போதும் ஒரு குரல் ஒலிக்கும். ‘ட்ஸுகி வா, கண்டா... கண்டா.’ அடுத்து, ‘ட்ஸுகி வா, அகிஹபாரா... அகிஹபாரா.’ அதற்கும் அடுத்து, ‘ட்ஸுகி வா, ஒகாச்சிமாச்சி.’ ஊர்ப் பெயர் மாறுகிறது. முன்னால் வரும் இரண்டு சொற்கள் மட்டும் மாறுவதே இல்லை. நான்காவது நிலையத்துக்குள், ‘ட்ஸுகி வா’ என்றால் ‘அடுத்து வருவது’ என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். அகராதி புரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கூடவே இன்னொரு வாக்கியமும் வரும். ‘ஒதேகுச்சி வா ஹிதாரிகாவா தெஸ்.’ இறங்கும் வாசல் இடது பக்கம் என்று அர்த்தம். சில நிலையங்களில் ‘ஹிதாரி’ போய் ‘மிகி’ வரும். அப்போது வலது பக்கக் கதவு திறக்கும். கதவைப் பார்த்தபடி நிற்கும் வெளியூர்க்காரருக்கு இடது, வலது இரண்டும் பாடமாகிவிடும்.

வெளிநாட்டு மொழி கற்கிற எல்லோருக்கும் வரும் சந்தேகத்துக்கு இந்த ரயிலிலேயே பாதி பதில் இருக்கிறது. முதலில் வார்த்தைகளை மனப்பாடம் செய்வதா, முழு வாக்கியங்களாகவே கற்றுக்கொள்வதா? மீதிப் பதிலுக்கு ரயிலிலிருந்து இறங்கி, கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டும்.

பரீட்சையில் பாஸ்... கடையில்?

வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஜப்பான் போகிறவர்கள் பெரும்பாலும் வார்த்தைப் பட்டியலோடுதான் விமானம் ஏறுகிறார்கள். காரணம், பரீட்சை. ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-ல் தொடங்கியது. 2010-லிருந்து என்-5, என்-4 என ஆரம்பித்து என்-1 வரை ஐந்து நிலைகள். என்-1தான் உச்சம். சென்னையிலும் இந்தத் தேர்வு நடக்கிறது. பழைய தேர்வு முறையில் அடிப்படை நிலைக்கு 800 சொற்கள், அதற்கு அடுத்த நிலைக்கு 1,500 சொற்கள் என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை வைத்து இன்றும் மாணவர்கள் அட்டை அட்டையாக எழுதி உருப்போடுகிறார்கள்.

அதில் தப்பில்லை. ஆனால், இந்தத் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. வாசிக்க வேண்டும், கேட்க வேண்டும், சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். வாயே திறக்காமல் என்-4 பாஸ் செய்ய முடியும்.

இதில் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ என்ற விசா முறையை 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்தது. முதியோர் பராமரிப்பு, உணவகம், விவசாயம், கட்டுமானம் எனப் பல துறைகள் அதில் உண்டு. இதற்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த விசாவுக்கு என்-4 அல்லது அதற்கு இணையான மொழித் தேர்வில் தேற வேண்டும். தேறியவர் ஊருக்குப் போய் இறங்குகிறார். முதல் நாள் இரவு பசிக்கிறது. கடைக்குப் போகிறார்.

கல்லாவில் ஐந்து கேள்விகள்

ஜப்பானில் எந்தத் தெருமுனையிலும் ஒரு ‘கொம்பினி’ இருக்கும். இரவு பகல் பாராமல் திறந்திருக்கும் சின்னக் கடை. செவன் லெவன், லாசன், ஃபேமிலி மார்ட் என நாடு முழுக்கச் சுமார் 55,000 கடைகள். டோக்கியோவின் டொயோசு பகுதியில் 1974-ல் திறந்ததுதான் ஜப்பானின் முதல் செவன் லெவன்.

சோற்று டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால், கேள்விகள் வரிசையாக வரும். ‘பாயின்ட் கார்டு இருக்கிறதா?’, ‘சூடாக்கித் தரட்டுமா?’, ‘குச்சி வைக்கட்டுமா?’, ‘பை வேண்டுமா?’, ‘பணமா, கார்டா?’ எல்லாம் மூச்சுவிடாத வேகத்தில், அதிமரியாதையான ஜப்பானிய மொழியில். 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் கட்டாயம் காசு என்பதால், பைக் கேள்வியிலிருந்து மட்டும் யாரும் தப்ப முடியாது.

பை என்பதற்கு ‘ஃபுகுரோ’ என்று படித்தவருக்கு, ‘ஃபுகுரோ வா கோரியோ தெஸ் கா?’ என்று மொத்தமாக வந்து விழும்போது திகைப்புதான். ‘கோரியோ’ என்றால் ‘பயன்படுத்துதல்’. பையைப் பயன்படுத்துவது பற்றி என்ன கேட்கிறார் என்று யோசித்து முடிப்பதற்குள் பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். அந்த வாக்கியத்தை முழுசாக ஒருமுறை கேட்டுப் பழகியவரோ, முதல் இரண்டு ஓசையிலேயே தலையாட்டிவிடுவார்.

‘ஹாஷி’ என்ற சொல் இன்னும் வேடிக்கை. சாப்பிடும் குச்சிக்கும் ஹாஷி, ஆற்றுப் பாலத்துக்கும் ஹாஷி. டோக்கியோ பேச்சில் முதல் அசையைத் தூக்கிச் சொன்னால் குச்சி, இரண்டாவதைத் தூக்கினால் பாலம். ஒசாகா பக்கம் போனால் இந்த ஏற்ற இறக்கமே வேறு. தனிச் சொல்லாகப் படித்தால் தலை சுற்றும். ஆனால் சோற்று டப்பாவை நீட்டும்போது ‘ஒஹாஷி’ என்று கடைக்காரர் கேட்டால், பாலம் வேண்டுமா என்று யாரும் குழம்பப்போவதில்லை.

பதில் சொல்வதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ‘தைஜோபு’ என்றால் ‘சரி, பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன்’ என்று அகராதி சொல்லும். பை வேண்டுமா என்ற கேள்விக்கு ‘சரி’ என்ற நினைப்பில் ‘தைஜோபு தெஸ்’ என்றால், பை கிடைக்காது. அந்த இடத்தில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம். ‘கெக்கோ தெஸ்’ என்பதும் இப்படித்தான். சொல்லுக்கு ‘நல்லது’ என்று பொருள், கடையில் ‘வேண்டாம்’ என்று பொருள்.

நமக்கு இது புதிதல்ல. விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்ற வருகிறார்கள். ‘இருக்கட்டும்ங்க’ என்கிறோம். தமிழ் படிக்கும் ஒரு ஜப்பானியர் ‘இரு’ என்ற சொல்லை அகராதியில் பார்த்துவிட்டு, பாயசம் இலையிலேயே இருக்கட்டும் என்று சொல்வதாக நினைத்தால் என்ன ஆகும்? தனியாக நிற்கும்போது ஒரு பொருள், பேச்சில் சேர்ந்து நிற்கும்போது வேறு பொருள். எல்லா மொழியிலும் இந்த விளையாட்டு உண்டு.

இட்லித் தட்டும் மாவும்

அப்படியானால் வாக்கியங்களை மட்டும் உருப்போட்டால் போதுமா? அதையும் சோதித்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. ஷின்ஜுகு ரயில் நிலையம்.

உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் ரயில் நிலையம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது இது. 200-க்கும் அதிகமான வாசல்கள். எந்த வாசலில் வெளியேறுகிறோம் என்பதைப் பொறுத்து, போகவேண்டிய இடம் இரண்டு நிமிட நடையிலும் இருக்கலாம், இருபது நிமிட நடையிலும் இருக்கலாம். பயணக் கையேட்டில் படித்த வாக்கியத்தை ஒருவர் அழகாகக் கேட்கிறார். ‘மினாமிகுச்சி வா தோகோ தெஸ் கா?’ தெற்கு வாசல் எங்கே இருக்கிறது?

கேள்வி சுத்தமாக இருந்ததால், கேட்டவருக்கு மொழி தெரியும் என்று எதிராளி நம்பிவிடுகிறார். படபடவென்று பதில் வருகிறது. நேராகப் போய், படி ஏறி, வலது பக்கம் திரும்பி... இங்கே கையேடு கைவிட்டுவிடும். ‘மஸ்ஸுகு’ என்றால் நேராக, ‘மிகி’ என்றால் வலது, ‘கைதான்’ என்றால் படிக்கட்டு. இந்தச் சின்னச் சின்ன வார்த்தைகள் தெரியாவிட்டால், கேட்கத் தெரிந்தும் பயன் இல்லை. கேள்விக்கு வாக்கியம் வேண்டும். பதில் புரிய வார்த்தைகள் வேண்டும்.

இரண்டும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் போக வேண்டும். அதிலும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஜப்பான் ஒரு சோதனைக் களம். ‘நிக்கு நாஷி’, அதாவது ‘இறைச்சி இல்லாமல்’ என்று இரண்டு வார்த்தை மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டுகளை மட்டும் தவிர்த்துக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் சூப்பில், குழம்பில், காய்கறி வேகவைத்த நீரில்கூட ‘தஷி’ இருக்கலாம். தஷி என்பது அந்த ஊர்ச் சமையலின் அடிப்படைச் சாறு. உலர்த்திய மீன் சீவல்களிலிருந்தும் கடல்பாசியிலிருந்தும் எடுப்பது. கண்ணுக்குத் தெரியாது.

இங்கே கைகொடுப்பது ஒரே ஒரு வாக்கியம். ‘... ஹைத்தே இமாஸ் கா?’ இதில் இன்னது சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது. இடைவெளியில் ‘நிக்கு கா’ என்று போட்டால் இறைச்சி. ‘சகானா கா’ என்றால் மீன். ‘தமாகோ கா’ என்றால் முட்டை. ‘எபி கா’ என்றால் இறால். ‘தஷி கா’ என்றால் அந்த மீன் சாறு. இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு, இது ருசி விஷயமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கும் விஷயம்.

இட்லித் தட்டு மாதிரிதான் இது. தட்டு ஒன்று, மாவு வேறு வேறு. தட்டு மட்டும் இருந்தால் பசி ஆறாது. மாவை மட்டும் வைத்துக்கொண்டால் இட்லி ஆகாது. ‘... எங்கே இருக்கிறது?’, ‘... கொடுங்கள்’, ‘... வரை போகணும்’, ‘... இதில் இருக்கிறதா?’ என நான்கு தட்டுகள், தட்டுக்குப் பத்து வார்த்தைகள் என்று வைத்துக்கொண்டாலே நாற்பது சமயங்களுக்கு வாய் தயாராகிவிடும்.

மொழியியல் ஆய்வாளர்களும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என இரண்டையும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். பிரிட்டனின் மைக்கேல் லூயிஸ் 1993-ல் எழுதிய புத்தகத்தில், சொற்கள் சேர்ந்து வரும் தொடர்களையே பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டார். அலிசன் ரே 2002-ல் வெளியிட்ட நூல், பழகிய தொடர்களை மூளை ஒவ்வொரு சொல்லாகக் கட்டாமல் மொத்தமாக எடுத்துப் பயன்படுத்துகிறது என்று விளக்கியது. மறுபுறம், நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார். ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ பிறர் உதவியின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அது. வாயைத் திறக்கத் தொடர்கள், புத்தகத்தைத் திறக்கச் சொற்கள் என்று இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

தமிழ் நாக்குக்கு ஒரு சலுகை

ஜப்பானிய மொழியை வாக்கியமாகக் கற்பதில், தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘வதாஷி வா அஷித்தா ஒசாகா நி இக்கிமாஸ்.’ இதைத் தமிழில் சொன்னால், ‘நான் நாளைக்கு ஒசாகாவுக்குப் போகிறேன்.’ ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘ஒசாகாவுக்கு’ என்பதில் ‘உக்கு’ பெயருக்குப் பின்னால் ஒட்டுவதுபோல, அங்கே ‘நி’ பின்னால் ஒட்டுகிறது. ‘டோக்கியோ கரா, ஒசாகா மதே’ என்றால் ‘டோக்கியோவிலிருந்து, ஒசாகா வரை’. கேள்வி கேட்க நாம் கடைசியில் ‘ஆ’ சேர்க்கிறோம். அவர்கள் ‘கா’ சேர்க்கிறார்கள்.

இன்னும் உள்ளே போனால் ஆச்சரியம் கூடும். ‘தாபேத்தே’ என்றால் ‘சாப்பிட்டு’. ‘மிமாஸ்’ என்றால் ‘பார்க்கிறேன்’. ‘தாபேத்தே மிமாஸ்’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’. தமிழில் நாம் எந்த அர்த்தத்தில் சொல்கிறோமோ, அதே அர்த்தம். ருசி பார்ப்பதற்கு இரண்டு ஊரிலும் கண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள்! இதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேட்பவர் சிரிப்பார். தமிழில் மாற்றினால் அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால், ஆங்கிலப் பொருள் எழுதிய அட்டைகளைவிட, தமிழ் வாக்கியம் எழுதிய அட்டைகள் நமக்கு நன்றாக உதவும்.

ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ இந்த ஒற்றுமைகளில் மயங்கித் தன் வாழ்நாளின் பிற்பகுதியைத் தமிழுக்கே கொடுத்தவர். டோக்கியோவின் ககுஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1919-ல் பிறந்து 2008-ல் மறைந்தவர். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் வரலாற்று உறவு உண்டு என்பது அவருடைய வாதம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தமிழறிஞர்களும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அந்த உறவை ஏற்கவில்லை. வேர் ஒன்றா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். வாக்கியம் கட்டும் முறை ஒத்துப்போகிறது என்பதை, கற்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே எந்தத் தமிழரும் தெரிந்துகொள்ளலாம்.

வலிக்கு என்ன வார்த்தை?

ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் கடையிலும் ரயிலிலும் தடுமாறினால், சிரித்துச் சமாளித்துவிடலாம். வேலைக்கு வந்தவருக்கு அது போதாது.

ஜப்பானிய அலுவலகங்களில் சில தொடர்கள் வேலையின் ஓர் அங்கம். மாலையில் மற்றவர்கள் இருக்கும்போது முதலில் கிளம்புகிறவர், ‘ஒசாகி நி ஷித்ஸுரே ஷிமாஸ்’ என்பார். ‘உங்களுக்கு முன்னால் கிளம்புவதற்கு மன்னியுங்கள்’ என்று அர்த்தம். இருப்பவர்கள் ‘ஒத்ஸுகாரே சாமா தெஸ்’ என்பார்கள். ‘களைத்துப்போகும் அளவுக்கு உழைத்தீர்கள்’ என்ற நன்றி அதில் இருக்கிறது. இலக்கணம் முழுக்கத் தெரிந்த ஒருவர் இதைச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனால், முகம் சுளிப்பார்கள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

முதியோர் இல்லங்களில் இது இன்னும் முக்கியம். படுத்திருப்பவரைத் தொடுவதற்கு முன்னால், செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்கே பராமரிப்பின் பாலபாடம். அதற்கு ‘கோஎகாகே’ என்று பெயர். ‘குரல் கொடுத்தல்’ என்று சொல்லலாம். அறைக்குள் நுழையும்போது ஒரு தொடர், எழுப்பி உட்காரவைக்கும் முன் ஒரு தொடர், சக்கர நாற்காலிக்கு மாற்றும் முன் ஒரு தொடர். ‘படுக்கை’, ‘நாற்காலி’, ‘தூக்கு’ என்று தனித்தனியாகத் தெரிந்து வைத்திருப்பவர், கண் மங்கிய ஒரு பாட்டியை எதுவும் சொல்லாமல் சட்டென்று தூக்கினால், அவர் பயந்துபோவார்.

ஆனால் அதே அறையில் வார்த்தையும் வேண்டியிருக்கிறது. முக்கியமாக, வலியைச் சொல்லும் வார்த்தைகள். ஜப்பானியர்கள் வலியை இரட்டைச் சொற்களால் சொல்வார்கள். தலையோ பல்லோ நாடித்துடிப்பு மாதிரி தெறித்தால் ‘ஸுகிஸுகி’. ஊசி குத்துவது போலிருந்தால் ‘சிக்குசிக்கு’. வயிறு கூர்மையாகப் பிடித்து இழுத்தால் ‘கிரிகிரி’. விடாமல் மந்தமாக வலித்துக்கொண்டே இருந்தால் ‘ஷிக்குஷிக்கு’. மருத்துவரிடம் அந்த முதியவர் சார்பில் பேசவேண்டிய பராமரிப்பாளருக்கு, இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

தமிழருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ‘விண் விண்ணுனு தெறிக்குது’, ‘சுருக் சுருக்குனு குத்துது’, ‘திகுதிகுனு எரியுது’ என்று நம் பாட்டிகளும் சொல்வார்கள். இரட்டைக் கிளவியைப் பள்ளிக்கூடத்தில் இலக்கணமாகப் படித்தோம். அங்கே அது நோயாளியின் மொழி. அந்தச் சொல்லை அதன் வலியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ‘தலை ஸுகிஸுகி என்கிறது’ என்று முழு வாக்கியமாகப் படித்தவருக்கு மறக்காது.

இன்னொன்று. அந்த முதியவர் ‘தைஜோபு’ என்று சொன்னால், உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா, பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்கிறாரா என்பதை எந்த அகராதியும் சொல்லாது. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘எனக்கு ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கேன்’ என்று போனில் சொல்லும் அம்மாக்களை அறிந்தவர்களுக்கு இதுவும் புரியும்.

கோபே கற்றுக்கொண்ட பாடம்

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் மேற்கே போனால், மூன்று மணி நேரத்துக்குள் ஷின் கோபே நிலையம் வந்துவிடும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது கிதானோ பகுதி. மலையடிவாரத்தில் பழைய வெளிநாட்டு வணிகர்களின் வீடுகள், ஒரு ஜைனக் கோயில், ஒரு மசூதி. துறைமுக நகரமான கோபேயில் இந்திய வணிகர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வார்த்தையா, வாக்கியமா என்ற கேள்வி இந்த நகரத்தில் உயிரோடு சம்பந்தப்பட்டதாக மாறியது.

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46 மணி. கோபேயையும் சுற்றுவட்டாரத்தையும் நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. 6,434 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த வெளிநாட்டவர்களில் பலர் இன்னொரு இருட்டில் சிக்கினார்கள். அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன, புரியவில்லை. ‘ஹினான்ஜோ’ என்றார்கள். ‘யோஷின்’ என்றார்கள். ‘கியூசுய்’ என்றார்கள். பல வருடங்கள் அந்த ஊரில் வாழ்ந்து, கடைத்தெருவில் சரளமாகப் பேசியவர்களுக்கும் இவை புதிய சொற்கள். அன்றாட வாழ்க்கையில் யார் இவற்றைப் பேசுகிறார்கள்?

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ‘யசஷீ நிஹோங்கோ’. ‘எளிய ஜப்பானிய மொழி’ என்று பொருள். ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் கஸுயுகி சாத்தோ இந்த முயற்சியின் முன்னோடி. ‘யோஷின்’ என்று சொல்லாமல் ‘பிறகு வரும் நிலநடுக்கம்’ என்று சொல்வது. ‘ஹினான்ஜோ’ என்பதற்குப் பதில் ‘தப்பித்துப் போகும் இடம்’. ‘மேட்டுப் பகுதிக்கு வெளியேறவும்’ என்ற அலுவல் நடை போய், ‘உயரமான இடத்துக்கு ஓடுங்கள்’ என்ற பேச்சு வந்தது. உயரம், இடம், ஓடு, பிறகு, வா. எல்லாமே ஆரம்பப் பாடத்தில் வரும் சொற்கள். ஊரே இறங்கிவந்து, கற்கிறவரின் சின்னச் சொற்களைக் கொண்டு வாக்கியம் கட்டிக்கொண்டது. இன்று ஜப்பானின் பல நகராட்சிகள் தங்கள் அறிவிப்புகளை இந்த நடையிலும் தருகின்றன.

2024 ஜனவரி 1 மாலை, நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவுள்ள நிலநடுக்கம். பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே.வின் அறிவிப்பாளர் குரலை உயர்த்தி, ‘உடனே ஓடுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரையில், குழந்தைகளும் படிக்கக்கூடிய எளிய எழுத்தில் இரண்டே வார்த்தைகள். ‘ட்ஸுனாமி! நிகேத்தே!’ நிகேத்தே என்றால் ‘தப்பி ஓடு’.

அந்த இரண்டில் முதல் வார்த்தையை நமக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். ‘ட்ஸு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. 2004 டிசம்பர் 26-க்கு முன்னால் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும்? அன்று கடல் உள்வாங்கியபோது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பெயர் கேட்டதும் ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தால், கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் சிலராவது பிழைத்திருப்பார்கள். ஒரு வார்த்தைக்கு அவ்வளவு விலை கொடுத்துக் கற்ற கடற்கரை நம்முடையது. ஜப்பான் போகிறவர் ‘நிகேத்தே’ என்ற இரண்டாவது வார்த்தையை விமானம் ஏறும் முன்பே கற்றுக்கொள்வது நல்லது.

எங்கிருந்து தொடங்கலாம்?

இன்று கைபேசி கேமராவை மெனு அட்டைக்கு நேராகப் பிடித்தால், பெயர்ச்சொற்களை ஓரளவு அதுவே படித்துச் சொல்லிவிடும். அதனால் பயணத்துக்குப் பத்தே நாள் இருக்கிறவர் 500 வார்த்தைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் ஆபத்து வார்த்தைகள் பத்து. தப்பி ஓடு, நெருப்பு, வலிக்கிறது, ஆம்புலன்ஸ், தண்ணீர் என்ற வகை. இவை தனியாகவே வேலை செய்யும். பேட்டரி தீர்ந்தாலும் நாக்கில் இருக்க வேண்டும்.

அடுத்து, இடைவெளி விட்ட வாக்கியங்கள் ஐந்தாறு. அவற்றை ஒரே வார்த்தையோடு மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு நாளும் வேறு வார்த்தை போட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ‘மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாஸ்’ என்பது கட்டாயம் வேண்டும். ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியம் இருந்தால், எதிரில் இருப்பவரே ஆசிரியர் ஆகிவிடுவார். பரீட்சை எழுதுகிறவர்கள் அட்டையை விட வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் பொருளுக்குப் பதில், அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியத்தை எழுதி, அதைச் சத்தமாகப் படித்தால் போதும்.

இல்லாவிட்டால் வேறோர் ஆபத்து உண்டு. டோக்கியோவின் எதோகாவா வட்டத்தில் உள்ள நிஷி கசாய் பகுதியில் இந்தியர்கள் அதிகம். 2000-ம் ஆண்டையொட்டி ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் குடியேறியதில் இருந்து வளர்ந்த பகுதி அது. மளிகைச் சாமான், மசாலா, இட்லி, தோசை எல்லாம் கிடைக்கும். அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று, ‘சுமிமாசென்’, ‘அரிகாதோ’ இரண்டையும் வைத்துக்கொண்டே வருடங்களை ஓட்டிவிட முடியும். பிள்ளையின் பள்ளியிலிருந்து போன் வரும் நாளில்தான் அதன் குறை தெரியும்.

அதே குடியிருப்புகளில் காலையில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும். பள்ளிக்குக் கிளம்பும் ஜப்பானியக் குழந்தைகள் வாசலில் நின்று, உள்ளே பார்த்துக் கத்துவார்கள். ‘இத்தே கிமாஸ்!’ உள்ளேயிருந்து பதில் வரும். ‘இத்தே ராஷ்ஷாய்!’

‘இத்தே’ என்றால் ‘போய்’. ‘கிமாஸ்’ என்றால் ‘வருகிறேன்’. அந்த ஊரிலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்வதில்லை. ‘போயிட்டு வரேன்’ என்கிறது பிள்ளை. ‘போயிட்டு வா’ என்கிறாள் அம்மா. நிஷி கசாயில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பம் ஜப்பானிய மொழியைத் தொடங்க, இதைவிடச் சுலபமான பாடம் கிடையாது. நாளைக் காலையே சொல்ல ஆரம்பித்துவிடலாம்.